ராகுகாலத்தில் ஆறிய மோட்டார்

பக்கிரிசாமி பத்து வருஷம் ரப்பர் தோட்டத்துத் துரையின் மோட்டாரை ஓட்டியவன். ஓட்டத் தெரியும், துடைத்துப் பளபளப்பாக்கத் தெரியும், கதவைத் திறந்துவிட்டு விறைப்பாக நிற்கவும் தெரியும். ஒரு மோட்டாரை விலை பேசி வாங்க மட்டும் தெரியாது. பந்தியில் பரிமாறத் தெரிந்தவனெல்லாம் பாசாருக்குப் போய் நல்ல கத்தரிக்காய் பொறுக்கிவிட முடியுமா என்ன?

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. துரை தோட்டத்தைப் பூட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பக்கிரிசாமிக்குக் கையில் ஒரு நற்சான்றுக் கடிதமும் வீட்டில் வேலையில்லாத காலைகளும் மிஞ்சின. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் அவன் பெண்சாதி வீரம்மா இரண்டு மாடுகள் கட்டிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிவப்பி ஒன்று, மயிலை ஒன்று. அந்தப் பாலில்தான் ஐந்து மாதமாக அடுப்பு எரிந்தது.

பழைய மோட்டார் ஒன்றை வாங்கிக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வாடகைக்கு ஓட்டினால் மானமாகப் பிழைக்கலாம் என்று பக்கிரிசாமிக்கு யோசனை பிறந்தது. சேமிப்பு அச்சாரத்துக்குத்தான் காணும். மீதிக்கு மாடுகளை விற்க வேண்டும். செந்தூல் பால் வியாபாரி பழனியப்பன் இரண்டையும் சேர்த்து விலை பேசி, புதன்கிழமை சாயங்காலம் வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டான். வீரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் "சரிங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அப்பாடா, லேசாக முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளின் கணக்கு அப்படி.

புதன்கிழமை காலையில் கறந்து ஊற்றிவிட்டு வந்தவள், "நானும் கிள்ளானுக்கு வரேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள். மாடுகளை விட்டு ஒரு நாளும் அசையாதவள்! பழனியப்பன் வந்தால் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கும்படி பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியிடம் சொல்லிவிட்டு அவனோடு ரயிலேறினாள்.

கிள்ளான் பாசாருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மோட்டார் தரகு செய்கிறவன் ராதாகிருஷ்ணன். நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை, பேச்சில் சர்க்கரை. கொட்டகை நடுவே பச்சை வர்ணத்தில் ஒரு மோட்டார் மாப்பிள்ளை மாதிரி நின்றது. சக்கரங்களுக்குக் கூட மை பூசியிருந்தான்.

"நேத்து சாயங்காலம் கழுவி நிறுத்துனதுண்ணே. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல. பாருங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரின் மூக்கில் கைப்பிடியை மாட்டி ஒரே சுற்றுச் சுற்றினான். மோட்டார் குழந்தை சிணுங்குவது போல மெதுவாக முனகி ஓட ஆரம்பித்தது. பக்கிரிசாமி சொக்கிப்போனான்.

"பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க" என்றான் தரகன். "ஆனா பன்னண்டு மணிக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்கு முன்னால அச்சாரத்தக் குடுத்துருங்க. கெட்ட நேரத்துல கை மாறுன வண்டி வெளங்காது லா."

ராதாகிருஷ்ணன் எஞ்சினை அணைத்தான். பணமுடிச்சு வீரம்மாவின் இடுப்பில் இருந்தது. பக்கிரிசாமி கையை நீட்டினான். அவளோ அவனைக் கொட்டகை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, அந்த வண்டி சுடுது."

"இப்பத்தான ஓடுச்சு. சுடாம என்ன செய்யும்?"

"அவரு சுத்துறதுக்கு முன்னாலயே சுட்டுச்சுங்க. உள்ள நுழைஞ்சதும் எஞ்சின் முன்மூடி மேல கை வச்சேன்." தொழுவத்துக்குள் நுழைந்தால் மாட்டு விலாவில் கை வைக்கிற பழக்கம் அவளுக்கு, மோட்டாரையும் அப்படித்தான் தொட்டிருக்கிறாள். "நொண்டி மாட்டச் சந்தைக்குக் கொண்டு வர்றவன் என்ன செய்வான்? ஆள் வர்றதுக்கு முன்னால நாலு நடை நடக்க விட்டுருவான். உடம்பு சூடேறிட்டா நொண்டல் தெரியாது."

"இது மாடு இல்ல புள்ள. மானத்த வாங்காத."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே சுருக்கென்று ஏதோ தைத்தது. துரையின் மோட்டாரும் கடைசி இரண்டு வருஷம் காலையில் சண்டித்தனம் செய்யும். துரை பல் துலக்கி வருவதற்குள் பக்கிரிசாமி கைப்பிடியோடு மல்லுக்கட்டி அதைச் சூடாக்கி வைத்துவிடுவான். துரை வந்து நிற்கும்போது ஒரே சுற்று. 'வெரி குட்' என்பார் அவர். தான் துரைக்குக் காட்டிய வித்தையைத்தான் இவன் தனக்குக் காட்டுகிறான் என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன? ஆறும்வரை நிற்கிறேன் என்று ஒரு தரகனிடம் எப்படிச் சொல்வது? பத்து வருஷம் 'எஸ் சார்' சொன்ன நாக்குக்கு அது வரவில்லை.

வீரம்மாவுக்கு வந்தது. தரகனிடம் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். முடிச்சை எடுத்தாள். கிழக்கே பார்த்து நின்று கும்பிட்டாள். முடிச்சு இறுகிப்போனதாகச் சொல்லிப் பல்லால் கடித்துப் பார்த்தாள். பக்கத்துக் கடைக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது.

"அய்யய்யோ, ராகுகாலம் வந்துருச்சேண்ணே!" என்று முடிச்சைத் திரும்ப இடுப்பில் செருகினாள். "கெட்ட நேரத்துல வெளங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? இனிமே ஒன்றரைக்கு மேலதான் அவுப்பேன்."

தரகனுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதை. சந்தனப் பொட்டோடு நிற்கிறவன் ராகுகாலம் பொய் என்று எந்த வாயால் சொல்வான்?

எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்து இருவரும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். ராதாகிருஷ்ணன் இரண்டு தரம் கைப்பிடியை எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கம் நகர்ந்தான். "சும்மா கெடக்கட்டும்ணே, எண்ணெய் எதுக்கு வீணா?" என்று அவள் சோற்றிலிருந்து கையெடுக்காமலே கூப்பிட்டுச் சொன்னாள். பக்கிரிசாமிக்குத் தரகன் முகம் கறுப்பதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏமாறப் போகிறவனுக்கு எங்கிருந்துதான் இத்தனை கூச்சம் வருமோ!

ஒன்றரைக்குப் பக்கிரிசாமியே கைப்பிடியை வாங்கிச் சுற்றினான். மோட்டார் அசையவில்லை. மறுபடி சுற்றினான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். பிறகு கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வெட்டி மணிக்கட்டைப் பதம் பார்த்தது. கடைசியில் உள்ளே யாரோ பானையைப் போட்டு உடைக்கிற மாதிரி சத்தம் போட்டு, கொட்டகை நிறைய நீலப் புகையைக் கக்கிவிட்டு, மாப்பிள்ளை உயிரை விட்டார்.

"இன்னைக்குத்தாண்ணே இப்படி" என்று ராதாகிருஷ்ணன் கையைப் பிசைந்தான். "நல்ல மெக்கானிக்கு ஒருத்தன் இருக்கான், கூட்டியாறேன்." கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். எட்டிப் பார்த்தால் அங்கே சேற்று நிறத்தில் ஒரு கிழட்டு மோட்டார் நின்றது. ஒரு விளக்கு இல்லை, மேல்கூரைத் துணியில் ஒட்டு, முன்மூடி மேல் மூன்று கோழிகள். கோழிகளை விரட்டிவிட்டு ஒரே சுற்றுச் சுற்றினான். மோட்டார் முனகாமல் பிடித்துக்கொண்டது. புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பக்கிரிசாமியும் வீரம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சுடுற மூடியில கோழி ஒக்காராதுங்க" என்றாள் அவள்.

தரகன் மெக்கானிக்கோடு திரும்பி வந்ததும் பக்கிரிசாமி எழுந்தான். இந்த முறை நாக்கு வந்தது. "இந்தப் பழைய வண்டி என்ன வெல?"

"அது விக்கிறதுக்கில்லண்ணே. தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் நான் தினம் போய் வர்ற வண்டி."

"அதனாலதான் கேக்குறோம்" என்றாள் வீரம்மா. "பால்காரன் தன் வீட்டுக்கு எந்த மாட்டுல கறக்குறானோ அந்த மாட்டத்தான் வாங்கணும்."

மெக்கானிக் குபீரென்று சிரித்துவிட்டான். தரகனுக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்தது. கையில் பணத்தோடு ஓர் ஆள் அந்தக் கொட்டகைக்குள் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவனுக்கும் வயிறு இருக்கிறதே. பக்கிரிசாமி அவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சுல்தான் அரண்மனை மேட்டில் ஓட்டிப் பார்த்தான். ஏறியது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். நின்றது. திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பேரம் முடிந்தபோது வீரம்மாவின் முடிச்சிலிருந்த பணமே போதுமானதாக இருந்தது. பிறகு கொடுக்க மீதி என்று எதுவும் இல்லை.

'அப்படியானால் மாடு விற்க வேண்டாமே' என்பது கிள்ளான் ஊரைத் தாண்டிய பிறகுதான் பக்கிரிசாமிக்கு உறைத்தது. அதோடு சேர்ந்து பழனியப்பன் ஞாபகமும் வந்தது. அவன் முந்திக்கொண்டு வந்து ஓட்டிக்கொண்டு போயிருந்தால்? பேசிய விலைக்கு ஓட்டிப்போன மாட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? கிழட்டு மோட்டாரை விரட்டினான். பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் வந்த மேட்டில் அது கரகரவென்று ஏறியபோது அவனுக்கு அதன் நெற்றியைத் தடவிக் கொடுக்கலாம் போல் இருந்தது. பக்கத்தில் வீரம்மா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்திருந்தாள். மோட்டார் பயம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் சந்தில் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பழனியப்பன் மயிலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். சிவப்பி வர மறுத்துக் காலை ஊன்றிக்கொண்டு நிற்க, தனலெட்சுமி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி ஹாரனை அழுத்தினான். அது வேலை செய்யவில்லை. தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"அண்ணே, விடுங்க! மாடு விக்கல!"

பழனியப்பன் முணுமுணுத்தான். செந்தூலிலிருந்து நடந்து வந்த காலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். அச்சாரம் வாங்கவில்லை, அதனால் பேச்சு பேச்சோடு போயிற்று. ஒரு செம்பு பால் காய்ச்சிக் கொடுத்து, புது மோட்டாரில் சும்மாவே செந்தூலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொன்னதும் அவன் கோபம் தணிந்தது.

மாடுகளைத் திரும்பக் கட்டினார்கள். பக்கிரிசாமிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. துரை போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை அவன்.

"நல்ல வேளை, வண்டியப் பாத்து வாங்கணும்னு நீயும் கெளம்பி வந்த. இல்லாட்டி அந்தப் பச்சை வண்டிய என் தலையில கட்டியிருப்பான்."

வீரம்மா சிவப்பியின் கழுத்தில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வண்டியப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள். "இதுகள அவுத்துக்கிட்டுப் போறதக் கண்ணால பாக்க முடியாதுன்னுதான் உங்ககூட வந்தேன்."

பக்கிரிசாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. அன்றைக்கு அவள் சொன்ன 'சரிங்க' என்ற ஒரு சொல்லை அவன் இப்போதுதான் முழுசாகக் கேட்டான். புல்லுக்கட்டை இழுத்துப் போட்டுப் பிரிக்கலானான்.