தூசிக்காரன் அக்காவின் நிறம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் கூட்டியிருந்தாலும் சொன்ன வாய் கோணிக்கொள்ளட்டும், விழுங்கிய தண்ணீர் மூக்கு வழியாக வரட்டும். இந்த அளவுக்குச் சத்தியம் செய்த பிறகும் சந்தேகப்படுகிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேக்கரி அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையருகே தன் நாற்காலியில் உட்கார்ந்து, வெடித்தாள். சத்தம் வரவில்லை. மேஜை மேலிருந்த டீகூடச் சிந்தவில்லை. மூன்றாம் மாடி வீடு முழுக்க நீலமாயிற்று, அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டான். தம்பி பெண்டாட்டி சமையலறையிலிருந்து தலையை நீட்டி, பல்பை மாற்றியது யார் என்று கேட்டாள். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டீயை எடுத்தாள். அவள் விரல் பட்டதும் அது தளதளவென்று கொதித்தது. "பரவால்ல, ஆறிப்போச்சேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

இப்படி நடக்கும் என்பதற்கு அறிகுறிகள் இல்லாமல் இல்லை. அக்கா எல்லாவற்றிலும் பெரியவள். பெரிய உடம்பு, பெரிய குரல், யார் கை நீட்டினாலும் அந்தக் கையில் விழுவதும் பெரிய பங்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் பேக்கரியின் அடுப்பையும் தம்பியையும் சேர்த்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ரொட்டி சுட்டாள், தம்பியைப் படிக்க வைத்தாள், அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். நடுவில் தனக்கு வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அடுப்பு அணைந்துவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். சின்ன அடுப்புகள் கட்டைகளைக் கணக்குப் பார்த்துத் தின்று நெடுநாள் கனன்றுகொண்டிருக்கும். பெரிய அடுப்பு இருப்பதையெல்லாம் வாரிப் போட்டு எரித்துவிடும். வானத்திலும் இதே கதைதான் என்று தம்பி ஒருமுறை அவளுக்கு விளக்கியிருக்கிறான். பெருத்த நட்சத்திரம் எதையும் மிச்சம் வைக்காமல் எரிக்கும், கடைசியில் அதன் நடுவயிற்றில் இரும்பு சேரும், இரும்பை எரித்து யாரும் குளிர்காய முடியாது, அதோடு உள்ளே சரிந்து வெளியே வெடிக்கும். அக்கா மாவு பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "நட்சத்திரத்துக்கு ஒத்தாசைக்கு ஆள் வெச்சுக்கத் தெரியல" என்றாள். அதற்கடுத்த வருஷம் வீட்டுக் கரண்டிகள் அவள் பக்கமாகத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தன. டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். அது ஒட்டிக்கொண்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. இரும்புச் சத்து கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லி, குழாயை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தம்பிக்கு வான் ஆய்வு அலுவலகத்தில் வேலை. தொலைநோக்கி எங்கோ ஒரு மலையில் இருந்தது. அவன் இருந்தது நகரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. வெடித்த பெரிய நட்சத்திரங்களை நீலக் கண்ணாடி வழியாகவும் சிவப்புக் கண்ணாடி வழியாகவும் எடுத்த படங்கள் மலையிலிருந்து வரும். எதில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒப்பிட்டு நிறத்தைச் சொல்வது அவன் வேலை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை அப்படியே சொல்லிவிட முடியாது. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் கிடக்கிற தூசி நீலத்தைத் தடுத்து வைத்துக்கொண்டு சிவப்பை மட்டும் விட்டுவிடும். ஆகவே தூசியின் பங்கைக் கழிக்க வேண்டும். எவ்வளவு தூசி என்று எப்படித் தெரியும்? அதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இந்த ரக நட்சத்திரமெல்லாம் வெடித்து இத்தனை வாரமானால் ஒரே நிறத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது. அதைவிடச் சிவந்து தெரிந்தால், கூடுதல் சிவப்பு மொத்தமும் தூசி என்று தள்ளிவிடுவது. தம்பி இதில் கெட்டிக்காரன். எவ்வளவு சிவந்த நட்சத்திரத்தைக் கொடுத்தாலும் கழுவித் துடைத்து நீலமாக்கிக் கொடுத்துவிடுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்குத் தூசிக்காரன் என்று பெயர்.

நீலமாக இருந்த நாட்களில் அக்கா பேக்கரிக்கு லீவு போடவில்லை. அடுப்பு மூட்டும் வேலை மிச்சம் என்று கையாலேயே ரொட்டி சுட்டாள். தட்டில் மாவை வைத்து இரண்டு உள்ளங்கையையும் மேலே காட்டுவாள். ஆரம்பத்தில் ரொட்டி கரிந்து போனது. வாடிக்கைக்காரர்கள் சுரண்டிவிட்டுத் தின்றார்கள். இரண்டாம் மாடித் தையற்காரர் மட்டும் குறைபட்டுக்கொண்டார். மேலேயிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி வந்த நீல வெளிச்சத்தில் அவருடைய சிவப்பு நூல் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு கல்யாண உடுப்புக்குக் கறுப்பு நூலில் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டு, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "உங்க அக்காவ கொஞ்சம் திரை போட்டு வெக்கக் கூடாதா சார்?" என்று தூசிக்காரனிடம் கேட்டார். அக்கா உள்ளேயிருந்து, "நூலைப் பாக்காம தைக்கறவனுக்கு வெளிச்சம் ஒரு கேடா?" என்று குரல் கொடுத்தாள். சில வாரத்தில் அவள் வெள்ளையானாள். அப்புறம் தையற்காரரே தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் பேக்கரிக்குக் கிளம்பினால், "அதுக்குள்ளயா கெளம்பிட்டீங்க?" என்று வருத்தப்பட்டார். அந்த வெள்ளை நாட்களின் ரொட்டியைப் போல அந்தத் தெரு அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

இத்தனைக்கும் நடுவில் தூசிக்காரனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி மனதைக் கிள்ளிப் பார்த்தான். உறைக்கவில்லை. சாப்பிட்டான், குளித்தான், பஸ் பிடித்தான். அக்காவுக்குத் தன் நிறம் தெரியாது; கண்ணாடியில் பார்த்தால் கண்தான் கூசியது. ஆகவே தினமும் காலையில் அவனிடம் கேட்டாள். "என்ன நிறம்டா இன்னைக்கு?" கேட்டதற்குக் காரணம் உண்டு. வெடித்தது நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்துவிட்டால் ஆறி அணையப்போகிறது என்று அர்த்தம். மறுநாள் ரொட்டிக்கு முந்தின நாளே மாவு பிசைந்து புளிக்க வைக்க வேண்டும். தான் இருக்கப்போகிறோமா இல்லையா என்று தெரியாமல் மாவை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. "நட்டாத்துல விட்டுட்டுப் போற ஆளில்ல நான். முன்னாடியே சொல்லிடு. அடுப்ப ஆறவிட்டு, கடை பசங்களுக்கு வேற எடம் பாத்துக் குடுத்துட்டு, நிம்மதியா உக்காருவேன்" என்றாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீலம்தான்க்கா. லேசா வெள்ளை" என்றான்.

மஞ்சள் வந்தது. அவன், வெடித்து இத்தனை வாரமான ஒன்று எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, மிச்சத்தைத் தூசி என்று கழித்தான். "வெள்ளைக்கா" என்றான். ஆரஞ்சு வந்தது. மறுபடியும் கழித்தான். கழிக்க வேண்டிய தூசி அதிகமாக அதிகமாக, அவ்வளவு தூசியும் வீட்டில் எங்கேயோதான் இருக்க வேண்டும் என்பது அவனுக்கு உறுதிப்பட்டது. தொழில் தெரியாதவன் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், அக்கா ஆறுகிறாள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பான். தூசிக்காரன் துடைப்பத்தை எடுத்தான். திரைச்சீலைகளைத் துவைத்தான். பீரோவை நகர்த்தி, அதன் பின்னால் அவன் பள்ளிக்கூடத்தில் தொலைத்த ரப்பரைக் கண்டெடுத்தான். ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்த துடைப்பில் ஒரு புறா கண்ணாடி இல்லையென்று நினைத்து வந்து மோதியது. எதிர்வீட்டில் பாய் உதறினால் ஓடிப்போய்ச் சண்டை பிடித்தான். நகரத்திலேயே சுத்தமான வீடு அதுதான் என்று தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர் வெளியே போய்ச் சொன்னார். அக்கா அடுத்த வாரம் இன்னும் சிவந்தாள்.

அதோடு நிற்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு நீலக் கண்ணாடிச் சில்லை எடுத்து வந்தான். சாப்பிடும்போது அதை இடது கையில் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டான். அதன் வழியாகப் பார்த்தால் அக்கா மங்கலாக, ஆனால் நீலமாக இருந்தாள். "அத கீழ வைடா, பூதக்கண்ணாடி வெச்சுப் பூச்சி பாக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அவன் வைக்கவில்லை. நீலம் என்று அவன் சொன்னதை நம்பி அவள் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள். ரொட்டிகள் மேலே வெளுத்தும் நடுவில் பச்சை மாவாகவும் வந்தன. வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போய், ஒன்றும் சொல்லாமல் அடுத்த தெருக் கடைக்கு மாறினார்கள். கடைப் பையன்கள் ஈ ஓட்டினார்கள். அக்கா மாவைக் குறை சொன்னாள், ஈஸ்ட்டைக் குறை சொன்னாள். தம்பியை ஒருநாளும் குறை சொன்னதில்லை, அப்போதும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தம்பி பெண்டாட்டி துடைப்பத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். "என்னங்க, பெருக்க இனி ஒண்ணும் இல்ல. செவுத்துல சுண்ணாம்பே போயிடுச்சு. அண்ணிக்கு மாவு வீணாப் போகுது. அவங்க கேக்கறது ஒரே ஒரு வார்த்தை" என்றாள். அவன் தட்டில் அன்றைக்குச் சுட்ட ரொட்டி இருந்தது. பிட்டு வாயில் போட்டான். நடுவில் மாவு பிசுபிசுவென்று பல்லில் ஒட்டியது. சின்ன வயதில் அவன் அவசரப்பட்டுப் பாதி வெந்ததைத் திருடித் தின்றால், அக்கா தலையில் ஒரு குட்டு வைத்து வயிற்றைத் தடவிவிடுவாள், அந்த ருசி. மெதுவாக மென்று முழுவதையும் தின்றான். பிறகு நீலச் சில்லைக் கீழே வைத்துவிட்டு, எதையும் கூட்டாமல் கழிக்காமல் அக்காவைப் பார்த்தான்.

"சிவப்புக்கா" என்றான்.

"எவ்ளோ?"

"நல்ல சிவப்பு."

"அதுல தூசி எவ்ளோ?"

"தூசியே இல்லக்கா. எல்லாம் நீதான்."

"எப்பலேர்ந்துடா?"

"ரொம்ப நாளா."

"மூட்டை மூட்டையா மாவு போச்சேடா, மடையா" என்றாள் அக்கா. எட்டி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். விரல் முட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, முடிகூடப் பொசுங்கவில்லை. "சரி. நாளைக்கு மாவு வேணாம். பசங்கள அடுத்த தெருக் கடையில சேத்துவிடு, நான் சொன்னேன்னு சொல்லு." அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சாயங்காலம் இருட்டியதும், அந்த வீட்டில் பல மாதம் கழித்து விளக்கு போட வேண்டியிருந்தது.

தூசிக்காரன் அழவில்லை. மறுநாள் பையன்களைச் சேர்த்துவிட்டு அலுவலகம் போனான். மலையிலிருந்து வந்திருந்த ஒரு நட்சத்திரத்தைக் கழிக்காமல் அப்படியே கொடுத்தான். பிரிவுத் தலைவி அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இவ்ளோ சிவப்பா இருக்கு?" என்றார். "அது அப்படித்தான் மேடம்" என்றான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

அக்கா இருந்த நாற்காலியில் கடுகளவு ஒன்று மிஞ்சியிருந்தது. கறுப்பா வெள்ளையா என்று சொல்ல முடியாது. யாராலும் அதைத் தூக்க முடியவில்லை. நாற்காலியின் கால்கள் தரைக்குள் இறங்கிவிட்டன, கீழே தையற்காரர் தன் கூரைக்கு ஒரு தூண் கொடுத்தார். அந்தக் கடுகு சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. வருஷங்கள் போயின. தையற்காரர் அதன் துடிப்புக்குத் தன் மிஷினை மிதிக்கப் பழகினார். தம்பி பெண்டாட்டி அதன் தாளத்தில் காய் நறுக்கினாள். தூசிக்காரன் ஓய்வு பெற்றான். தினமும் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தான். கிள்ளினால் உறைக்காத இடம் இன்னும் உறைக்கவில்லை, ஆனால் கிள்ளுவதை விட்டுவிட்டான். ஒரே ஒரு சௌகரியம். வீட்டில் எந்த மூலையில் தூசி விழுந்தாலும் அது தரையோடு தரையாக நகர்ந்து போய் அந்த நாற்காலியில் சேர்ந்துவிடும். அன்றிலிருந்து அந்த வீட்டை யாரும் பெருக்கியதில்லை. விருந்தாளிகள் கேட்டால், "அக்கா பாத்துக்குவா" என்பார்கள்.

இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் போய் எண்ணிப் பார்க்கலாம்: அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். தையற்காரரின் கூரைக்கு மேலே இருப்பது மொட்டைமாடி.