இரண்டாவது பொறுப்பாளர்

விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியரின் கைப்பேசி மூன்றாவது முறையாக அதிர்ந்தது. யாரென்று பார்த்தார். எடுக்காமல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சிவப்புப் பேனாவைப் பிடித்தார்.

அழைத்தவர் ஒரு கட்டற்ற மென்பொருள் குழுவின் ஒருங்கிணைப்பாளர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய அந்த மென்பொருளைச் சம்பளமில்லாத தன்னார்வலர்களே பராமரித்து வந்தார்கள். அதிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு தொகுப்புகளில் ஒன்று ஆசிரியருடையது. எண்களையும் அளவுகளையும் லேபிளில் ஒழுங்காக அச்சிடுவது அதன் வேலை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் எழுதியது. யார் திருத்தம் அனுப்பினாலும், ஆசிரியர் ஒப்புதல் தந்தால்தான் அது வெளியே போகும்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும் என்று குழு இரண்டு வாரங்களுக்கு முன் வாக்கெடுத்து முடிவு செய்தது. ஒருங்கிணைப்பாளர் அன்றே அழைத்து அதைப் பக்குவமாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் வேலை நிக்கக் கூடாது பாருங்க சார். அந்தக் கால்நடை டாக்டரம்மா ரெண்டு வருஷமா திருத்தம் அனுப்பிட்டிருக்காங்க. அவங்களைச் சேர்த்துக்கலாமா?"

"மாட்டுக்கு ஊசி போடுறவங்க என் புரோகிராமைப் பார்த்துப்பாங்களாக்கும்!"

"நல்லாவே பார்க்கிறாங்க சார்."

"அப்போ அவங்களை வச்சே நடத்திக்குங்க மேடம். நான் என்ன சம்பளமா வாங்குறேன்?"

கோபத்தில் பேச்சைத் துண்டித்தாரே ஒழிய, பொறுப்பை எழுதிக் கொடுத்து விலகவில்லை. அதன்பின் வந்த மின்னஞ்சல் கடிதங்களையும் திறக்கவில்லை. நானில்லாமல் கொஞ்ச நாள் திண்டாடட்டும் என்று உள்ளூர ஓர் ஆசை.

விடைத்தாள் திருத்திய அன்று மாலை அவர் மனைவி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். ஊரின் பெரிய மருத்துவமனையில் மருந்தாளர். விரல்களெல்லாம் நீல மை.

"என்ன, பேனா ஒழுகிடுச்சா?"

"காலையிலேர்ந்து கையாலதான் லேபிள் எழுதுறோம். நேத்து கம்ப்யூட்டரையெல்லாம் புதுப்பிச்சாங்க. அப்போலேர்ந்து புள்ளி விழ மாட்டேங்குது."

"என்ன புள்ளி?"

"தசமப் புள்ளிங்க. ரெண்டரை மில்லின்னு வர வேண்டியது இருபத்தஞ்சுன்னு வந்திருக்கு. மூணு வயசுக் குழந்தைக்கு! நர்சு சந்தேகப்பட்டுக் கேட்டதால பொழைச்சோம்."

லேபிளில் எண் அச்சிடுவது தன் தொகுப்பாயிற்றே என்று ஆசிரியருக்கு உறைத்தது. உள்ளறைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். படிக்காத கடிதங்கள் நாற்பதுக்கு மேல் கிடந்தன. பன்னிரண்டு நாளுக்கு முன் வந்தது கால்நடை மருத்துவருடையது. 'அச்சுப்பொறிக்கான மென்பொருள் மாறியதால் தசமப் புள்ளி விடுபடுகிறது. திருத்தம் இணைத்திருக்கிறேன். இதில் மருந்தளவு அச்சாகிறது, தயவுசெய்து உடனே பாருங்கள்.' மொத்தம் நான்கு வரித் திருத்தம். குறை சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. அடுத்தடுத்த கடிதங்களில் பலர் கெஞ்சியிருந்தார்கள், சிலர் திட்டியிருந்தார்கள். கடைசிக் கடிதங்கள் திருத்தத்தை விட்டுவிட்டு, அவர் நலமாக இருக்கிறாரா என்று விசாரித்தன.

அந்தத் திருத்தத்தை மூன்று முறை சோதித்துப் பார்த்து வெளியிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"சரி பண்ணிட்டேன். நாளைக்கு உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லு" என்றார், மனைவியின் முகத்தைப் பாராமல்.

"நீங்களா? அது உங்களோடதா?"

"ம். திருத்தம் வேறொருத்தர் அனுப்பினது."

"எப்போ அனுப்பினாங்க?"

"பன்னெண்டு நாளாச்சு."

மனைவி கை கழுவப் போனார். மை லேசில் போகவில்லை. குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆசிரியருக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அவரே ஒருங்கிணைப்பாளரை அழைத்து எண் வாங்கி, கால்நடை மருத்துவரிடம் பேசினார். பின்னணியில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

"சார், பதிலே இல்லைன்னதும் உங்க உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. வீம்பு. இனிமே நீங்களும் பொறுப்பாளர். என்னைக் கேட்காமலே வெளியிடலாம்."

"ஐயோ, பதினோரு வருஷமா நீங்க சும்மா செஞ்சு கொடுத்த வேலை சார் அது."

"சும்மா செஞ்சேங்கிறதுக்காக அது எனக்குச் சொந்தமாயிடாதும்மா. முடிஞ்சா செய்யணும், முடியலைன்னா விலகி வழி விடணும். வேலையும் செய்யாம வழியையும் மறிச்சு உட்கார்ந்தா அது சேவை இல்லை, ஆக்கிரமிப்பு."