மரங்களின் வரிசை

கம்போடியாவின் புனோம் பென் விமான நிலையத்தில் என் கணவர் தண்டபாணியை மரம் என்று பதிவு செய்தார்கள். பயணிகள் வரிசை நீளமாக இருந்தது. மரங்களின் வரிசையில் யாருமே இல்லை. இவர் அங்கே போய் நின்றுவிட்டார்.

அதிகாரி கோயமுத்தூர்த் தமிழ் பேசினார்.

"எத்தன நாளு தங்கறீங்க?"

"அஞ்சு நாளுங்க."

"மரத்துக்கு நூறு வருசத்துக்குக் கம்மியா விசா குடுக்கறதில்லீங்க."

"செரிங்க," என்றார் இவர்.

"ஏங்க, சுத்திப் பாக்க வந்தோம்னு சொல்லுங்க," என்றேன். இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் எதையும் அவர் மறுத்ததில்லை. முத்திரை விழுந்தது.

அரண்மனையைப் பார்த்தோம். ஆற்றங்கரையில் நடந்தோம். ஆறு எங்களோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திரும்பி ஓடியது. சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சோறும் மீன் குழம்பும் வைத்தார்கள். அவருக்கு ஒரு வாளித் தண்ணீர். குடித்து முடித்தபோது அவர் முழங்கையில் இரண்டு இலைகள் இருந்தன. கிள்ளப் போனேன்.

"வலிக்குது வஞ்சி," என்றார்.

எங்கள் அறை ஓட்டல் வராந்தாவின் கடைசியில் என்றார்கள். வராந்தா முந்நூறு கிலோமீட்டர் நீண்டு அங்கோரில் முடிந்தது. பாதி வழியில் கூரை தீர்ந்து வெயில் ஆரம்பித்தது. கோபுரங்கள் தெரிந்தன. இடிந்த கோயில் ஒன்றின் வாசலில் சொக்கா என்ற காவல்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"லேட்டு. அந்தச் சுவர் ரொம்ப நேரமாச் சாஞ்சுட்டு நிக்குதுங்க."

தண்டபாணி செருப்பைக் கழற்றினார். சுவரின் மேல் ஏறினார். கால் விரல்கள் கல்லிடுக்குகளில் இறங்கத் தொடங்கின.

"முடியாதுன்னு சொல்லுங்க! ஒரே ஒரு தடவ சொல்லுங்க!"

அவர் யோசித்தார்.

"முடியாது வஞ்சி," என்றார் என்னிடம். "எனக்கு இங்க புடிச்சிருக்குது."

அவருக்கு என்ன பிடிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேர்கள் தரையைத் தொட்டன. சுவர் நிமிர்ந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, கல்யாணத்தன்று அவர் தம்பி பேசிய பேச்சில் தொடங்கி, வரிசையாகத் திட்டினேன். சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சொக்கா தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. பக்கத்து மரமெல்லாம் கேக்குது."

"கேக்கட்டும்."

மகள் பிறந்த வருடம் வரை வந்ததும் மூச்சு வாங்கியது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தண்டபாணி ஒரு கிளையை இறக்கி என் தலைக்கு மேல் பிடித்தார்.

நான் நிழலுக்குள் நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.