அம்மனுக்குள் ஒரு ஜோடிக் கம்மல்

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொழும்பிலிருந்து பல்கலைக்கழக ஆட்கள் வந்திருந்தார்கள். யும்னா என்ற பிள்ளையின் கையில் சுவரில் துளை போடும் மெஷின் மாதிரி ஒன்று. சிலைமேல் வைத்து அழுத்தினால், கீறாமல் சுரண்டாமல் எக்ஸ்ரே பாய்ச்சி, என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுமாம். பழைய சூலத்தைப் பார்த்துவிட்டு உற்சவ அம்மனிடம் வந்தார்கள்.

இந்திராணி கொழுந்தெடுக்கப் போகாமல் அங்கேயே நின்றாள். எட்டு வருசத்துக்கு முன் மகள் பிரஷாந்தினி காய்ச்சலில் போனாள். வீட்டிலிருந்து எடுக்கும்போது பிள்ளையின் கம்மலைக் கழற்றியது இந்திராணிதான். அந்த மாதமே கோயில் முற்றத்தில் உலை மூட்டி அம்மனை வார்த்தார்கள். உருகும் செம்பில் தங்கம் போட்டால் புண்ணியம் என்றார்கள். பெண்களை உலைக்குக் கிட்ட விடவில்லை. புருசன் ராமச்சந்திரனிடம் கம்மலைக் கொடுத்தனுப்பினாள்.

அன்றிலிருந்து மகள் அவளுக்கு அம்மனுக்குள் இருந்தாள். வெள்ளிதோறும் புளி போட்டுத் துலக்குவாள். பிள்ளையைப் புதைத்த மலை மயானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அழுததும் இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. சனம் அதைத் தைரியம் என்று மெச்சியது. சனத்துக்கென்ன, வாய் இருக்கிறது.

செம்பு, துத்தநாகம், ஈயம் என்றாள் யும்னா. தங்கம் காட்டவில்லை. இந்திராணி கம்மல் கதையைச் சொன்னதும் அந்தப் பிள்ளை பதறிப்போனாள்.

"இவ்வளவு பெரிய சிலையில சின்னக் கம்மல் கரைஞ்சா மெஷினுக்கு விளங்காமப் போகும் அம்மா. இல்லையெண்டு சொல்ல ஏலாது."

இந்திராணிக்கு அது போதும். துணியை எடுத்து அம்மனைத் துடைக்கப் போனாள்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ராமச்சந்திரன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுசன். கிடைத்த சாக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் பின்னாலேயே வந்து நின்றான்.

"நான் போடல."

அவள் திரும்பாமலே எங்கே என்று கேட்டாள்.

"உலைக்கிட்ட வரைக்கும் போனேன். புள்ள காது மூளியா கெடக்கேன்னு இருந்துச்சு. அவ தலமாட்டுல தோண்டி வச்சிட்டேன்."

விற்றுத் தின்றிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள். எட்டு வருசமாக வெறும் பித்தளையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளையோ மலையில் தனியே கிடந்திருக்கிறது. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, அப்படி எங்கோ குத்தியது.

"ரெண்டயுமா வச்சீங்க?"

"ரெண்டயும்."

துணியை மடித்து அம்மனின் காலடியில் வைத்தாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள்.

"எனக்கு எடம் தெரியாது. கூட வாங்க."