சமையலறையில் தங்கிய மூச்சு

தோப்ரிலாவின் நுரையீரலில் குறைந்த காற்றெல்லாம் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. பிரோத் நகரத்தில் அவள் புருஷனைத் தவிர யாரும் இதை மறுத்ததில்லை. ஜன்னல்கள் சாத்தியிருக்கும்போதே அங்கே திரைச்சீலை ஏறி இறங்கும். அவள் தூங்கினால் மெதுவாக, கோபப்பட்டால் படபடவென்று.

நோய் விரல்களில்தான் ஆரம்பித்தது. குளிர் பட்டால் வெளுத்து, நீலமாகி, பிறகு தோல் இறுகி மோதிரம் கழற்ற முடியாமல் போனது. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது என்றார் டாக்டர் ஸோரிட்சா. அடுத்து நுரையீரல் தழும்பேறி இறுகியது. ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அங்கே எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு சமையலறையில் கூடியது. அந்த அறைக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்து வதக்குவாள், பாடுவாள், புருஷன் ரதிசாவை மூச்சுவிடாமல் திட்டுவாள். வாசலைத் தாண்டினாலோ பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் கருவியோடு வீட்டுக்கே வந்தார். சமையலறையில் ஊதினால் குமரிப்பெண்ணின் அளவு காட்டியது, கூடத்தில் ஊதினால் பாதிதான். மாற்றி மாற்றி ஊதவைத்துக் குழம்பியவர், கடைசியில் தானும் ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டார்.

“நான் சீக்காளியா இல்லையா? அதச் சொல்லுங்க டாக்டரம்மா.”

“நீங்க எந்த ரூம்ல நிக்கிறீங்கன்றதப் பொறுத்தது.”

எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே பாயும் காற்றை அந்த ஊரில் ப்ரோமாயா என்பார்கள். கழுத்துப் பிடிப்பிலிருந்து சாவு வரை எல்லாப் பழியும் அதன் மேல்தான். ரதிசாவும் திரைச்சீலை ஆடுவதைப் பார்த்து, எங்கோ ஓட்டை இருக்கிறது, அந்தக் காற்றுதான் இவளைத் தின்கிறது என்று முடிவுகட்டினான். ஜன்னல் இடுக்கில் கந்தலைச் செருகினான், சாவித் துவாரத்தில் கம்பளி நூலைத் திணித்தான். கீழ்வீட்டு யாகோதா படிக்கட்டில் நின்று சிரித்தாள். “கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவில்லையா? பொண்டாட்டி மூச்சக்கூட வெளிய விடமாட்டேங்கிறானே!” அவன் அவளைக் காப்பாற்றினானா, அடைத்துவைத்தானா என்று ஊருக்குப் புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

தோப்ரிலாவுக்கு இருந்தது ஒரே ஆசை. மாலையானால் நிஷாவா ஆற்றங்கரையில் ஊரே உலாவும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்து, பாலம் வரை போய்த் திரும்புவார்கள். அவள் அதை ஜன்னல் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் அப்படிப் போனது. ஏழாம் வருஷம் ஊரே குடைமிளகாய் சுடும் இலையுதிர் பருவத்தில், ஒரு மாலை, அவள் கந்தலைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தாள். பிறகு கூடத்துக்குப் போய் எதிர் ஜன்னலையும் திறந்தாள்.

ரதிசாவ் அலறினான். “மூடுடி! செத்துப்போவ!”

“இதுக்குள்ளயே சாகாம கெடந்து என்ன பண்றது ரதிசாவ்? நீயே சொல்லு.”

காற்று திரைச்சீலையையும் பிய்த்துக்கொண்டு கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போனது. தோப்ரிலா கதவைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றாள். சமையலறையும் அன்றோடு மற்ற அறைகளைப் போல ஆகிவிட்டது. தன்னைத் தானே கொன்றுகொண்டோமோ என்ற பயம் அவளுக்கு வந்தது. ஆனாலும் செருப்பை மாட்டினாள். படிக்குப் படி உட்கார்ந்து, புருஷன் தோளைப் பிடித்து, ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் அளவு கூடவில்லை. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்றாள். டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

இப்போது அந்த மூச்சு ஊரில்தான் திரிகிறது. சில மாலைகளில் அவளைக் கண்டுபிடித்துவிடும், அன்றைக்கு அவள் பாலம் வரை நடப்பாள். சில மாலைகளில் வராது, பெஞ்சோடு சரி. காற்றென்றாலே நடுங்கும் பிரோத்துக்காரர்கள், பின்கழுத்தில் அது பட்டால் காலரைத் தூக்கிவிட்டு ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

“பெஞ்சுல உக்காந்திருக்கா. நேராப் போ” என்கிறார்கள் அதனிடம்.