இரண்டு பக்கமும் தேய்ந்த துப்பாக்கி

துப்பாக்கியை விற்றுவிடப் போவதாக ஆர்வில் சொன்னபோது நோவெல்லா மறுபேச்சுப் பேசவில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன புருஷனிடம் என்னவென்று சண்டை போடுவது? சனிக்கிழமை அணில் வேட்டை தொடங்குகிறது. கென்டக்கி மலையில் அன்றைக்கு ஓர் ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிடும். கண்ணெதிரே அது இருந்தால்தானே ஏக்கம், போகட்டும் என்றார் ஆர்வில். அது போனால் இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று அவளுக்குப் பயம்.

துப்பாக்கிக் கடைக்கு அவள்தான் வண்டி ஓட்டினாள். கடைக்காரன் கிளீட்டஸ் பெரிய வாயாடி. குழலைத் திருகிக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

“அடேங்கப்பா! எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்ச சாமான், உள்ள கண்ணாடியாட்டம் இருக்கு. ஆர்வில் அண்ணே, உங்க பல்லையும் இப்படி வெச்சிருந்தா இன்னைக்குச் சோளக்கதிர் கடிக்கலாம்ல?”

“பல்லால அணில் சுட முடியாதுப்பா,” என்றார் ஆர்வில்.

எங்கும் துருவில்லை. அடிப்பக்கம் மட்டும் கருநீலப் பூச்சு போய் இரும்பு வெளுத்திருந்தது. காட்டில் நடக்கும்போது கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். கிளீட்டஸ் தோளில் பதிக்கும் மரக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கன்னம் பதிக்கும் இடத்திலும் மெருகு போயிருந்தது.

“இதென்ன கூத்து, ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கு? வீட்ல யாரு இடது கைக்காரங்க?”

“நான்தான். இவரு குறட்டை விட்டுட்டுக் கெடந்தா குழம்புக்கு அணில் யாரு கொண்டாறது?”

“உங்களுக்கு ஏத்த சாமான்தான் அக்கா. மத்த ஆட்டோமேட்டிக் துப்பாக்கிய இடது தோள்ல வெச்சா, சுட்ட தோட்டாக்கூடு மூஞ்சிக்கு முன்னாடி பறக்கும். இது நேரா கீழ துப்பிடும். எந்தத் தோளா இருந்தாலும் இதுக்கு ஒண்ணுதான்.”

நோவெல்லாவுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. இத்தனை வருஷம் இடது தோளில் வைத்துச் சுட்டிருக்கிறாள், இது தோன்றவில்லையே!

“யோவ், உனக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு?”

“வேண்டாம் நோவெல்லா. முன்பக்கத்தை யாரு தாங்கறது?”

“நான் எதுக்குய்யா இருக்கேன்?”

கிளீட்டஸ் குழலை மாட்டித் துப்பாக்கியை அவளிடம் நீட்டினான்.

சனிக்கிழமை விடியலில் ஹிக்கரிக் கொட்டை மரத்தடியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கட்டை அவருடைய இடது தோளில். முன்பக்கம் அவளுடைய உள்ளங்கையில். மேலே ஓர் அணில் கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஆர்வில் சுட்டார். குறி தப்பியது. சூடான தோட்டாக்கூடு அவள் மணிக்கட்டில் விழுந்து சுட்டது. அவள் கை துள்ள, இரண்டாவது குண்டும் வீணாகப் போயிற்று.

“ஆடாம பிடிடி! கையா அது, கொடிக்கயிறா? ஒரு அணிலு போச்சு உன்னால!”

நோவெல்லா திரும்பி அவரைப் பார்த்தாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இந்த மனிதர் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. சூப் ஊட்டினால் நன்றி, பொத்தான் போட்டுவிட்டால் நன்றி. யாரோ விருந்தாளியைப் போல அவர் சொன்ன அந்த நன்றி அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. இப்போது கண் நிறைந்துவிட்டது.

“கத்தாதய்யா, இருக்கறதும் ஓடிரும்,” என்று கையை மறுபடி கொடுத்தாள்.