நிக்கல் குளிர் காய்ந்தது

12.2.2019, செவ்வாய்

போன வாரம் மாலை வகுப்பில் ஒரு தப்பு சொல்லிவிட்டேன். கரியமில வாயுவை மீத்தேனாக மாற்ற உதவும் நிக்கல் தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது என்றேன். டஸ்ட் டீயில் சாயம் சீக்கிரம் இறங்குகிறதே என்ற நினைப்பு. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வகுப்பே தலையாட்டியது, ஜூடித் டீச்சரைத் தவிர.

"ரொம்பப் பொடியானா பாதியிலயே நின்னுடும் ரஞ்சனி. மீத்தேனுக்குப் பதிலா கார்பன் மோனாக்சைடுதான் நிறைய வரும். செவ்வாக்கிழமை செஞ்சு காட்டு. அப்பதான் பரீட்சைக்கு உன் பேரை அனுப்புவேன்."

இலைக்கு விலை இல்லாததால் ஃபேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடுகிறது. அதனால் இன்று அணுக்களாக நடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. மூக்கன் அண்ணன் கார்பன். அவருடைய இரண்டு கையிலும் முட்டைக்கோஸ், அது ஆக்சிஜன். நிக்கல் அணுக்களாக எட்டுப் பேர். அவர்களிடம் இருந்த கேரட் ஹைட்ரஜன்.

முதலில், ரொம்பப் பொடியான தூளுக்காக, எட்டுப் பேரில் மாரியாயி அக்காவை மட்டும் தனியாக நிறுத்தினேன். ஒரு முட்டைக்கோஸைப் பிடுங்கியதுமே அவர் கை நிறைந்துவிட்டது.

"இன்னொண்ண யாரு வாங்குறது? எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

மூக்கன் அண்ணன் மிச்ச முட்டைக்கோஸோடு போய்விட்டார். அதுதான் கார்பன் மோனாக்சைடு. அடுத்து நாலு பேரைச் சேர்த்து நிறுத்தினேன். இரண்டு முட்டைக்கோஸோடு திரும்பி வந்த மூக்கன் அண்ணனிடம் இருவர் ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ள, மற்ற இருவர் அவருக்கு நாலு கேரட் கொடுத்தார்கள். மீத்தேன் வந்துவிட்டது. எனக்கே சந்தேகமாக இருந்ததால் எண்ணிப் பார்த்தேன். மூன்று கேரட்தான் இருந்தது.

"பசிச்சுதும்மா," என்றார் அண்ணன், மென்றுகொண்டே.

வேறொன்று கொடுத்துச் சமாளித்தேன். அதற்குள் மாரியாயி அக்கா குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். எட்டு நிக்கலும் அதைச் சுற்றி ஒரே கும்பலாகிவிட்டது. மூக்கன் அண்ணன் மறுபடி முட்டைக்கோஸ்களைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். முதுகுதான் தெரிந்தது.

"ஏனுங்க, யாராச்சும் இத வாங்குங்களேன்."

"நாங்க லீவு," என்றார் மாரியாயி அக்கா, திரும்பாமலே.

என் பேர் போகாது என்று முடிவு செய்துவிட்டேன். "நிக்கல் இப்படியாக்கா நடந்துக்கும்?" என்று மாரியாயி அக்காவிடம் கேட்டேன்.

"இப்படித்தான் நடந்துக்கும்," என்றார் டீச்சர். "சூட்டுல சின்னத் துகளெல்லாம் ஒட்டிப் பெரிசாயிடும். உள்ள மாட்டின அணுவுக்கு வேலையே இல்ல. நீ தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப பாதி பாஸ். ஒட்டாம எப்படி நிறுத்துறதுன்னு நாளைக்குக் காட்டு, பேரை அனுப்பிடறேன்."

புத்தகத்தைப் பார்த்தேன். அலுமினா போன்ற தாங்கு பொருள்மேல் நிக்கலை இடைவெளி விட்டுப் பதித்தால் எளிதில் ஒட்டாதாம்.

நாளை: எஸ்டேட் கிளப்பில் இரண்டு பெஞ்சு கேட்டு வாங்கித் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். பெஞ்சுதான் அலுமினா. பெஞ்சுக்கு நாலு பேராக உட்காரவைத்துப் பழைய சேலையால் கட்ட வேண்டும். மாரியாயி அக்காவிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும்.